ஆமைக்காரின் பின்சீட்

போன ஞாயிற்றுக்கிழமை என் மருமகன் பிரகாஷ் வீட்டு முற்றத்தில் வைத்து இரண்டு கார்களைக் கழுவினார். ஒன்று அவருடையது, மற்றது என்னுடையது. கழுவினார் என்று நான் சொல்வது காதில் விழுந்தால் கோபித்துக்கொள்வார். அதற்கு இப்போது வேறு பெயராம். கைபேசியில் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன் செய்து காட்டுவதைப் பார்த்துப் பார்த்து, அவன் வைத்திருக்கிற சாமான்கள் எல்லாவற்றையும் கொழும்பிலிருந்து வரவழைத்துவிட்டார். நுரையை அப்புத்தளைப் பனிமூட்டம் போலப் பீய்ச்சுகிற துப்பாக்கி ஒன்று. டயர் சில்லுக்கு ஒரு போத்தல், கண்ணாடிக்கு ஒரு போத்தல், சீட்டுக்கு ஒரு போத்தல். துடைக்கிற துணிகூட நிறம் நிறமாக இருக்கிறது. நீலத் துணி படவேண்டிய இடத்தில் மஞ்சள் துணி பட்டுவிட்டால் தீட்டுப் பட்ட மாதிரிப் பதறுகிறார். வீட்டில் சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைக்காத மனிதருக்கு இப்படி ஒரு சுத்தமா என்று என் மகள் கேட்டாள். நியாயமான கேள்விதான்.

நான் வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, சிரிப்பை அடக்கியபடி பார்த்துக்கொண்டிருந்தேன். கார் கழுவுவதில் ஊவா மாகாணத்திலேயே எனக்கு மேல் ஒருவன் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அதை மருமகனிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். அவர் தலையாட்டிவிட்டு மறுபடி கைபேசியைப் பார்ப்பார்.

என் காரின் உட்பக்கத்துக்கு வந்தார். முன்கதவு மறைத்திருக்க, அங்கே இருக்கிற சின்னப் பெட்டி வரை குனிந்து துடைத்தார். பிறகு பின்சீட்டின் முதுகும் இருக்கையும் சேருகிற இடுக்கில் முழங்கை வரை கையை விட்டுத் துழாவ ஆரம்பித்தார். 

"மாப்புள, அதுக்குள்ள கைய விடாதீங்க."

"ஏன் மாமா, பாம்பு கீம்பு கெடக்கா?"

"பாம்புன்னா அடிச்சுப் போட்டுட்டுப் போயிரலாம்."

அவர் சிரித்தார். இடுக்கிலிருந்து பேத்தியின் தலைக்கிளிப் ஒன்றும், கச்சான் கடலைக் கோதும், காய்ந்துபோன ஒரு வெற்றிலைக் காம்பும் வந்தன. அவ்வளவுதான் வந்தன. ஆனாலும் நான் எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன்.  நான் பயந்த ஆள் இல்லை. கண்ணுக்கு முன்னால் கை தெரியாத மேகத்துக்குள், ஒரு பக்கம் மலை ஒரு பக்கம் பாதாளம் என்றிருக்கிற ரோட்டில் பாதி ஆயுளை ஓட்டியவன். ஆனால் காரின் பின்சீட் இடுக்குக்குள் ஒரு கை போவதைப் பார்க்கிற தைரியம் மட்டும் எனக்கு இல்லை.

மெழுகின் வாசனை உள்ளே வரை வந்தது. அந்த வாசனை என்னை எப்போதும் துரை பங்களாவுக்குக் கொண்டுபோய்விடும். நான் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். படிப்பு தோட்டப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு சரி. என் வயதுக்காரர்கள் எல்லாம் விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் நின்று கங்காணிக்குப் பேர் கொடுத்துக்கொண்டிருந்தபோது, நான் துரை பங்களாவின் கார்க் கொட்டகைக்குள் புகுந்துவிட்டேன். யாரும் கூப்பிடவில்லை. டிரைவர் இடுப்புப் பிடித்துக் கிடந்த ஒரு காலையில், நானாகப் போய்த் துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். துரை வந்து பார்த்தார், போகச் சொல்லவில்லை. அப்படித்தான் என் உத்தியோகம் தொடங்கியது.

அங்கே நானாகக் கண்டுபிடித்த வித்தைகள் பல. கண்ணாடிக்கு மண்ணெண்ணெய் தொட்ட பழைய பேப்பர். தோல் சீட்டுக்கு ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய், அதற்கு மேல் ஊற்றினால் துரையின் காற்சட்டை கெட்டுவிடும். முன்கண்ணாடிக்கு வெலிமடை உருளைக்கிழங்கு. சிரிக்காதீர்கள். கிழங்கை இரண்டாக வெட்டி, வெட்டுவாயால் கண்ணாடி முழுக்கத் தேய்த்துக் காயவிட்டால், மழைத்தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் வழிந்து ஓடிவிடும். மருமகன் இதே வேலைக்கு ஒரு போத்தல் வாங்கியிருக்கிறார். அதன் விலையைச் சொன்னால் வெலிமடைக்காரர்கள் அழுவார்கள். துரை சில நாட்களில் வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து மட்காட்டின் உட்பக்கத்தைத் துடைத்துப் பார்ப்பார். கைக்குட்டை வெள்ளையாகவே அவர் பைக்குள் திரும்பிப் போகும்.

என்னிடம் ஒரு குறையும் உண்டு. துணியைக் கையில் எடுத்தால் நிறுத்தத் தெரியாது. அதுதான் என்னைக் கொல்லப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

பங்களாவை விட்டு வந்து, அடுத்தவன் காரில் ஹயர் ஓடி, பிறகு சொந்தமாக ஒரு கார் வாங்கினேன். கறுப்பு நிறம், வட்ட முதுகு. ஊர்க்காரர்கள் ஆமைக்கார் என்றார்கள். அப்புத்தளை ஸ்டேஷன் வாசலில் சொந்தக் காரை நிறுத்தி ஹயர் ஓடிய முதல் லயத்துப் பிள்ளை நான்தான். வேறு யாராவது உரிமை கொண்டாடினால் நம்பாதீர்கள். அந்தக் காரின் சீட்டுக்குள் இப்போதுபோல ஸ்பொஞ் கிடையாது. கம்பிச் சுருளும் தேங்காய்த் தும்பும்தான். தும்பு குடித்த தண்ணீரை லேசில் விடாது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் கடைசி. சிங்களப் பையன்கள் அரசாங்கத்துக்கு எதிராக ஆயுதம் தூக்கியிருந்தார்கள். கடையை மூடு என்று காலையில் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். மூடாவிட்டால் பையன்கள் வருவார்கள். மூடினால், ஏன் மூடினாய் என்று அரசாங்கத்தின் ஆமி வரும். விளக்கை அணைக்கச் சொல்வார்கள், அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்து அடுத்த வீட்டு நாய் குரைக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருப்போம். வளைவுகளில் டயர் எரிந்த கரி கிடக்கும். டயரோடு சேர்ந்து என்ன எரிந்தது என்பதைப் பார்க்காமல், நேரே ரோட்டைப் பார்த்து ஓட்டப் பழகியிருந்தோம். நாங்கள் தமிழ் ஆட்கள், இது எங்கள் சண்டை இல்லை என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். கார் வைத்திருப்பவனுக்கு அந்தச் சமாதானம் உதவாது. இரண்டு பக்கத்துக்கும் கார் தேவைப்பட்டது.

கார்த்திகை மாதம். விடாத மழை. ஒரு பொழுதுசாயும் நேரம், நான் ஸ்டேஷனிலிருந்து வந்து காரை வீட்டு வாசலில் நிறுத்தி இறங்கினேன். இரண்டு பேர் மூடுபனிக்குள்ளிருந்து வந்தார்கள். ஒருவன் குடை பிடித்திருந்தான். சிங்களத்தில் என்னை அண்ணன் முறை சொல்லித்தான் கூப்பிட்டான். சாவியைத் தாருங்கள், விடிவதற்குள் கொண்டுவந்து விட்டுவிடுவோம் என்றான். கத்தவில்லை, மிரட்டவில்லை. கையில் எதுவும் இல்லை. கையில் எதுவும் இல்லாமல் வந்து கேட்டதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மற்றவன் பேசவே இல்லை. அவன் எங்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜன்னலில் என் மனைவி மரகதம், இடுப்பில் எங்கள் மகளோடு நின்றாள். மகள் அப்போதுதான் பேசப் பழகுகிற பிள்ளை.

சாவியைக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது? கொடுக்கும்போது என் வாய் தன்பாட்டில் ஒரு வார்த்தை சொன்னது: இரண்டாவது கியர் கொஞ்சம் இறுக்கம், பார்த்துப் போடுங்கள். குடை பிடித்தவன் எனக்கு நன்றி சொன்னான்.

விடிந்தபோது கார் நின்ற இடத்திலேயே நின்றது. சாவி முன்சில்லின் மேல் இருந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார்கள் என்று ஒரு நிமிடம் நான் சந்தோஷப்பட்டேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பிறகு பின்கதவைத் திறந்தேன். முதலில் வாடைதான் வந்தது. நனைந்த இரும்பின் வாடை. காலடி விரிப்பைக் காணவில்லை. அவர்களும் ஏதோ தண்ணீர் ஊற்றிக் கழுவப் பார்த்திருக்கிறார்கள், அது இன்னும் பரவிவிட்டது. சீட்டின் ஒரு பாதி கறுத்து, நடுவில் ஈரம் மினுங்கியது.

யாருடைய ரத்தம்? அடிபட்ட தங்கள் ஆளை ஏற்றிக்கொண்டு போனார்களா, அல்லது யாரையாவது பிடித்துக்கொண்டு போனார்களா? எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். பொலிசுக்குப் போய்ச் சொன்னால் பையன்கள் விடமாட்டார்கள். சொல்லாமல் இருந்து ஆமி கண்டுபிடித்தால், கார்க்காரன் சும்மாவா காரைக் கொடுத்தான் என்று என்னைக் கொண்டுபோவார்கள். கொண்டுபோனவர்கள் திரும்பி வந்த கதையை அப்போது யாரும் சொல்லவில்லை.

அடுப்பில் பெரிய கேத்தலை வைத்துக் கொதிக்கவிட்டேன். அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடும்போது மரகதம் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சுடுதண்ணி ஊத்தாதீங்க. ரத்தம் வெந்து புடிச்சுக்கும். பச்சத் தண்ணி கொண்டாங்க, உப்புப் போட்டு."

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டேன். அந்தக் காலையிலும் அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இது தெரியாத பொம்பள ஒருத்தி இருக்காளா?" என்றாள். ஊவா மாகாணத்தில் கார் கழுவுவதில் எனக்கு மேல் ஒருவரும் இல்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். அதை இந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் திருத்தி வாசியுங்கள்.

மலையிலிருந்து விழுகிற பீலித் தண்ணீரை வாளி வாளியாகச் சுமந்தோம். தோட்டத்தில் கொழுந்து கிள்ளிய விரல்கள் அவளுக்கு. தையல் இடுக்கெல்லாம் நகத்தால் சுரண்டி எடுத்தாள். மூடுபனி இறங்கியிருந்ததால் பக்கத்து வீடுகூடத் தெரியவில்லை. அந்த மூடுபனியை நான் அதற்கு முன்னும் பின்னும் அப்படி வேண்டிக்கொண்டதில்லை. சீட் முதுகின் இடுக்கில் கையை விட்டேன். விரலில் ஏதோ தட்டியது. இழுத்தேன்.

பச்சைப் பிளாஸ்டிக் சீப்பு. ஆண்கள் பின்பாக்கெட்டில் செருகிக்கொள்கிற சின்னச் சீப்பு. ஓரத்தில் பற்கள் சில உடைந்திருந்தன. மற்றப் பற்களில் எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பு முடி நாலைந்து சுற்றியிருந்தது. ரத்தத்தை விட்டுவிட்டு அந்த முடியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று புறப்படும் முன்பு அவன் கண்ணாடி பார்த்துத் தலை வாரியிருக்கிறான்.

அடுப்பில் போடலாம் என்றேன். மரகதம் என் கையிலிருந்து அதை வாங்கி, ஈரக்கையோடு தன் கொண்டைக்குள் செருகிக்கொண்டு மறுபடி குனிந்து தேய்க்க ஆரம்பித்தாள்.

இப்போது என் குறைக்கு வருகிறேன். சீட் சுத்தமாகிவிட்டது. அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். கை நிற்கவில்லை. நின்றால் நடுங்கியது, தேய்த்தால் நடுங்கவில்லை. கதவின் உட்பக்கத்தைத் துடைத்தேன், பிறகு வெளிப்பக்கத்தை. மட்காட், பம்பர், சில்லு மூடி. நிக்கல் பூச்சில் முகம் தெரிந்தது. கடைசியில் ஒரு கிழங்கை வெட்டி முன்கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் பின்னால் செருமல் கேட்டது.

சலீம் நானா. கீழே கடை வீதியில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர். மூச்சிரைக்க மேட்டுப்பாதையில் ஏறி வந்திருந்தார். யாரும் கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டு, ஆமிக்காரர்கள் கறுப்புக் கார் ஒன்றைத் தேடுகிறார்கள் என்றார். பெரகலைச் சந்தியில் வண்டிகளை நிறுத்தி ஆட்களை இறக்கிப் பார்க்கிறார்கள், பிறகு மேலே வீடு வீடாக வருவார்கள். சொல்லிவிட்டுக் காரைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"என்ன தம்பி இது. ஊரே சேத்துல கெடக்கு, ஒங்க காரு மட்டும் மாப்புள மாதிரி நிக்குது. இந்த மழைக்குள்ள எதுக்குக் கழுவுனேன்னு கேட்டானுகன்னா என்ன சொல்லுவீங்க?"

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. வந்த வழியே இறங்கிப் போய்விட்டார். அந்தக் காலத்தில் ஒருவர் கேட்காமல் போவதே பெரிய உபகாரம்.

அவர் சொன்ன பிறகுதான் எனக்கே கண் தெரிந்தது. மாதக்கணக்கில் மழை பெய்கிற ஊரில், கூரை வரை செம்மண் தெறித்த பஸ்களும் லொறிகளும் ஓடுகிற ரோட்டில், என் கார் மட்டும் கண்ணாடி மாதிரி நின்றது. என் கெட்டித்தனமே என்னைக் காட்டிக்கொடுக்க நின்றது. ஒரு கை சேற்றை அள்ளி மட்காட்டில் அப்பினேன். அப்பிய சேறு அப்பிய சேறு மாதிரியே தெரிந்தது. இன்னும் ஒரு கை அள்ளினேன். அழுகை வந்துவிட்டது.

மரகதம் பின்சீட்டில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே சுத்தமாக இருந்த சீட்டிலிருந்து அவள் விரல்களுக்கிடையில் இளஞ்சிவப்பாகத் தண்ணீர் கசிந்தது. தும்பு. எவ்வளவு கழுவினாலும் அது உள்ளே வைத்திருந்தது.

"சேத்த அப்பி மறைக்க முடியாதுங்க. கழுவுனதுக்கு ஒரு காரணம் வேணும். செவப்புக்கும் ஒரு காரணம் வேணும்" என்றாள்.  பிறகு, "கதிர்காமத்துக்குப் போவோம்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் உள்ளே போய் மஞ்சள்தூளும் வெற்றிலைச் சுண்ணாம்பும் எடுத்து வந்து, பித்தளைத் தட்டில் தண்ணீர் விட்டுக் கரைத்தாள். ஆலத்தி. கல்யாணத்துக்கும் பிள்ளை பிறந்த வீட்டுக்கும் புது வண்டிக்கும் நம் பெண்கள் சுற்றுகிற அதே ஆலத்திதான். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு விழுந்ததும் நிறம் திரும்பும், நீங்கள் பார்த்திருப்பீர்கள். சந்தோஷமான வீடுகளில் எத்தனையோ தடவை நான் பார்த்ததுதான். அன்றைக்குத்தான் அது எதன் நிறம் என்று பார்த்தேன்.

கார்த்திகை மாதம் முருகனுக்கு உரியது. கதிர்காமத்துக்கு நேர்த்தி வைத்துப் போகிறவன் வண்டியைக் கழுவித்தான் எடுப்பான். சிங்களவரும் அப்படித்தான். அந்தச் சாமி எல்லாருக்கும் பொது. பெரகலையிலிருந்து கொஸ்லந்தை, வெல்லவாயா என்று இறங்கினால் அதுதான் கதிர்காமத்து ரோடு. எல்லாம் பொருந்தியது. நான் காரின் முகத்தில் விபூதி பூசினேன். அவள் மஞ்சள் சேலை கட்டி, தேங்காய், கற்பூரம், வெற்றிலை எல்லாம் எடுத்துக்கொண்டு, மகளை மடியில் வைத்து அந்தப் பின்சீட்டிலேயே, அந்த ஈரத்தின் மேலேயே உட்கார்ந்தாள். கையில் ஆலத்தித் தட்டு. ஊரைத் தாண்டி முதல் பெரிய வளைவில் நான் பிரேக்கை அழுத்தினேன். அவள் தட்டைச் சீட்டின் மேல் கவிழ்த்தாள்.

பெரகலைச் சந்தியில் எங்களுக்கு முன்னால் ஒரு மரக்கறி லொறி. லீக்ஸ் மூட்டைகளை ரோட்டில் இறக்கிக் குத்திப் பார்த்தார்கள். லொறிக்காரனை முழங்காலில் இருத்தியிருந்தார்கள். பிறகு என்னை இறங்கச் சொன்னார்கள்.

பொறுப்பில் நின்றவன் இளம் பொடியன். மீசை சரியாக முளைக்கவில்லை. காரைச் சுற்றி ஒரு தடவை மெதுவாக நடந்தான். மட்காட்டில் விரல் வைத்து இழுத்து, விரலைப் பார்த்தான். துரை கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தது நினைவுக்கு வந்தது. கல்யாணமா என்று கேட்டான். அவனோடு நின்றவர்கள் சிரித்தார்கள். இந்த மழையில் ஏன் இவ்வளவு சுத்தம் என்று கேட்டான். அப்போது சிரிக்கவில்லை. எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. சிங்களவனே என்னைச் சிங்களவன் என்று நினைத்து ஏமாந்திருக்கிறான். அன்று ஒரு சொல் வரவில்லை. 

மரகதம்தான் பேசினாள். அவளுக்குத் தெரிந்தது சந்தைச் சிங்களம், அதுவும் பாதி தமிழ். கதிர்காமம், நேர்த்தி, பிள்ளைக்குச் சுகமில்லை என்றாள். அவளையும் இறங்கச் சொன்னான். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். மஞ்சள் சேலையின் பின்பக்கம் முழுக்கச் சிவப்பு. ஒரு சிப்பாய் துப்பாக்கியை நிமிர்த்திவிட்டான்.

பொறுப்பில் நின்ற பொடியன் குனிந்து, சீட்டும் முதுகும் சேருகிற இடுக்கில் கையை விட்டான். மணிக்கட்டு வரை, பிறகு முழங்கை வரை. உள்ளே துழாவினான். நான் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேனா? சீப்புக்குப் பின்னால் இன்னொன்று இருந்ததா? ஒரு பொத்தான், ஒரு மோதிரம்? காரின் கூரையில் கைகளை வைத்து நின்ற எனக்குக் கால் வழியே சூடாக ஏதோ இறங்கியது. மழை பெய்துகொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. இதை என் மகளிடம்கூடச் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

கை வெளியே வந்தது. விரல்கள் ஐந்தும் சிவப்பு.

"ஆலத்தி, மாத்தயா. வளைவுல தட்டு கவுந்திருச்சு" என்றாள் மரகதம். சிங்களம் மறந்துபோய்த் தமிழிலேயே சொன்னாள். காலடியில் கவிழ்ந்து கிடந்த பித்தளைத் தட்டைக் காட்டினாள்.

அவன் விரல்களை மூக்கருகே கொண்டுபோய் மணந்தான். மஞ்சள். கற்பூரம். மறுபடி மணந்தான். அதற்குள் வேறு ஒரு வாடையும் இருந்திருக்க வேண்டும், எனக்குத்தான் தெரியுமே. பிறகு அவளைப் பார்த்தான். அவள் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொள்ளக் குனிந்தபோது, கொண்டையில் செருகியிருந்த பச்சைச் சீப்பு அவன் கண்ணுக்கு நேரே நின்றது. பெண்கள் கொண்டையில் வைக்கிற சீப்பு இல்லை அது. அவன் இடுப்புப் பாக்கெட்டிலும் அப்படி ஒன்று இருந்திருக்கும். அவன் வயது ஆண்பிள்ளைகள் எல்லாரிடமும் இருந்தது.

அவன் அந்தச் சீப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். லொறிக்காரன் முழங்காலில் இருந்து இருமினான். 

பிறகு அவன் ஈரக்கையைத் தன் காற்சட்டையில் துடைத்துவிட்டு, மற்றப் பாக்கெட்டிலிருந்து ஒரு சில்லறைக் காசை எடுத்தான். கைக்குட்டையின் ஓரத்தைப் பல்லால் கிழித்து அதைச் சுற்றி முடிந்தான். கதிர்காமத்தானுக்கு முடிந்து வைக்கிற காணிக்கை. சிங்களவரும் நாமும் ஒரே மாதிரி முடிகிறோம். அதை மரகதத்தின் கையில் கொடுத்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் அவளிடம் ஏதோ சொன்னான். போ என்று எனக்குக் கையைக் காட்டினான்.

 கொஸ்லந்தையைத் தாண்டியதும், அவன் என்ன சொன்னான் என்று கேட்டேன்.

"தன்ன உசுரோட வீட்டுக்கு அனுப்பச் சொல்லி சாமிகிட்ட கேக்கணுமாம்" என்றாள்.

அவன் தெரிந்துகொண்டுதான் விட்டானா, தெரியாமல் விட்டானா? இரண்டு மாதிரியும் நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு மாதிரி நினைத்தால் மற்ற மாதிரியைவிட அதிகமாகப் பயம் வருகிறது.

காணிக்கையைக் கையில் வாங்கிய பிறகு பாதி வழியில் திரும்ப முடியுமா? கதிர்காமத்துக்கே போய்விட்டோம். பொய்யாகத் தொடங்கிய யாத்திரையை மெய்யாகவே முடித்தோம். மரகதம் அவனுடைய முடிச்சைச் சாமிக்குச் சேர்த்துவிட்டு, அவன் சொன்னதைச் சொல்லி வேண்டிக்கொண்டாள். எனக்காக வேண்டிக்கொண்டாயா என்று கேட்டேன், மறந்துபோச்சு என்றாள். நான் பின்சீட்டைக் கழற்றி மாணிக்க கங்கையில் நனைத்து, ஏறி மிதித்துப் பிழிந்தேன். சிவப்பு ஓடியது. எது ஆலத்தி, எது மற்றது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. கழுவுவதற்குப் பழகிய இந்தக் கை அன்று ஒன்றைத்தான் கேட்டது, இது போதும் என்று யாராவது சொல்ல வேண்டும். யாரும் சொல்லவில்லை.

சீப்பையும் ஆற்றில் விடு என்றேன். அவள் ஆற்றில் இறங்கி, கொண்டையை அவிழ்த்து, சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். பிறகு அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு கரையேறினாள்.

"யாரோ பெத்த புள்ள. அம்மாக்காரி ஒருத்தி தேடிக்கிட்டு வந்தா, என்னத்தக் காட்டுறது?"

அதைக் காரின் முன்பெட்டிக்குள் வைத்தாள். முடியைக்கூட எடுக்கவில்லை.

திரும்பி வரும்போது, பெரகலையில் நின்ற பொடியனுக்கென்று விபூதிப் பொட்டலம் ஒன்று கொண்டுவந்தாள். சந்தியில் வேறு முகங்கள் நின்றன. யாரிடம் விசாரிப்பது? பேர்கூடத் தெரியாது. பொட்டலமும் சீப்போடு பெட்டிக்குள் போனது. குடை பிடித்து வந்து எனக்கு நன்றி சொன்னவனையும் அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. இரண்டாவது கியரை அவன் பார்த்துத்தான் போட்டிருந்தான், அது கெடவில்லை.

காலம் மாறியது. நான் வளர்ந்த கதை ஊருக்குத் தெரியும். ஆமைக்காரைக் கொடுத்தேன், வான் எடுத்தேன், வான்கள் எடுத்தேன், பண்டாரவளையில் மாடி வீடு கட்டினேன். ஒவ்வொரு வண்டி மாறும்போதும் மரகதம் பெட்டியிலிருந்த சீப்பை எடுத்துப் புது வண்டியின் பெட்டிக்குள் வைப்பாள். விபூதி எப்போதோ கொட்டிப் போய்விட்டது. தெற்குப் பக்கத்துச் சிங்களப் பெண் யாராவது, காணாமல்போன பிள்ளையின் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு அரசாங்கக் கச்சேரி வாசலில் நிற்பதைக் கண்டால் வண்டியை நிறுத்தச் சொல்வாள். இறங்கிப் போய்க் கதைப்பாள். தலையை ஆட்டிக்கொண்டு திரும்பி வந்து ஏறுவாள். கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும்போதுகூட, பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் சீட்டில் சாய்ந்தாள். அவள் போன பிறகும் நான் அதைத் தொடவில்லை.

பெரகலைச் சந்தியில் அந்த இடத்தில் இப்போது இளநீர் விற்கிறார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் மலையைப் பின்னால் வைத்துப் படம் எடுக்கிறார்கள். சலீம் நானாவின் கடையில் அவர் பேரன் கைபேசி விற்கிறான். கார் சீட்டில் தும்பு வைக்கிறவர்கள் இல்லை. ஆலத்தி எடுக்கிற வீடுகளிலும் சிவப்புத் தூள் பாக்கெட்டில் வருகிறது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து நிறம் திரும்புவதை என் பேத்தி பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மருமகன் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காரைக் காட்டினார். நல்ல வேலை, குறை சொல்ல முடியாது. மட்காட்டின் உட்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தேன், விரல் சுத்தமாக வந்தது. "எப்பிடி மாமா?" என்றார். முன்பெட்டியைத் திறந்தேன். எலுமிச்சை வாசனை அடித்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

இதில் இருந்ததெல்லாம் எங்கே என்று கேட்டேன். "குப்பதான் கெடந்துச்சு மாமா, பழைய ரசீது, ஒடஞ்ச சீப்பு ஒண்ணு, எல்லாத்தையும் சாக்குல கட்டி வெளியில வச்சேன்" என்றார். நகரசபையின் குப்பை டிராக்டர் காலையிலேயே வந்து போயிருந்தது.

 பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அந்தக் காருக்குள் எந்த வாடையும் இல்லை. இனி யாராவது ஒரு தாய் வந்து கேட்டால் எடுத்துக் காட்ட என்னிடம் எதுவும் இல்லை. வெளியே மருமகன் நிறம் நிறமான துணிகளை ஒவ்வொன்றாகப் பிழிந்து கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் பின்னால் திரும்பி, சீட் இடுக்கில் கையை விட்டேன், முழங்கை வரை.